சட்டிக்கு அடியில் யார் பெயர்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான எங்கள் வெள்ளறடையில் புதுச் சட்டி வாங்கினால் அன்றைக்கே அதில் மீன் வைக்க முடியாது. கஞ்சித் தண்ணி ஊற்றி, தேங்காயெண்ணெய் தடவி, சிறு தீயில் இரண்டு மூன்று நாள் காய்ச்சி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் ‘பழக்குதல்’ என்போம். மலையாளம் பேசும் அடுத்த வீட்டில் ‘மயக்குதல்’ என்பார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கேட்டும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மாநிலம் இரண்டான பிறகும் சட்டி ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அது பழகுகிறது, மறுபக்கம் மயங்குகிறது.

என் அடுக்களைத் தட்டில் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு மண் பாத்திரம் இருக்கிறது. புதுச்சேரிக்குப் போயிருந்தபோது வாங்கி வந்த கிண்ணம். சாம்பலும் பச்சையும் கலந்த பூச்சு, விளிம்பில் இரும்புத் துரு நிறத்தில் ஒரு கோடு, அடியில் பூச்சில்லாத ஒரு வளையம். விவரம் தெரிந்த விருந்தாளி யாராவது அதைக் கையில் எடுத்தால் முதலில் செய்வது கவிழ்த்துப் பார்ப்பதுதான். செய்தவரின் முத்திரை அந்த வளையத்தருகே இருக்கிறதா என்று தேடுவார்கள். மீன் சட்டியை இதுவரை ஒருவரும் கவிழ்த்துப் பார்த்ததில்லை. அதன் அடியில் கரியைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது?

இரண்டுமே களிமண். இரண்டையுமே யாரோ ஒருவர் சக்கரத்தில் வைத்துக் கையால் எழுப்பியிருக்கிறார். ஒன்றுக்கு மட்டும் ‘செய்தவர்’ உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதில் கிடைத்தவைதான் இங்கே.

முதல் காரணம் மிக எளியது, கைவேலை சார்ந்தது. நம் ஊர்ப் பானைக்கும் சட்டிக்கும் அடி உருண்டை. மூன்று கல் அடுப்பில் தீ எல்லாப் பக்கமும் தழுவ வேண்டும். மூலையிருந்தால் அங்கே வெப்பம் ஏறி இறங்கி விரிசல் விடும். சக்கரத்தில் எழுப்பும்போதே உருண்டை அடி வராது. தென்னிந்தியக் குயவர்கள் அடி திறந்த, சுவர் தடித்த ஓர் உருவத்தைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்து, சற்று உலரவிட்டு, உள்ளே ஓர் உருண்டைக் கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். சுவர் மெலிய மெலியப் பானை பெருக்கும். அடித்து முடித்த பானை தரையில் நிற்காது, உருளும். அதற்குப் பிரிமணை வேண்டும். இல்லையென்றால் மணலில் ஒரு குழி வேண்டும்.

புதுச்சேரிக் கிண்ணம் வேறு வழி. சக்கரத்தில் எழுப்பி, தோல்பதத்தில் கவிழ்த்து வைத்து, இரும்புக் கருவியால் அடியைச் சீவி ஒரு வளையம் எடுப்பார்கள். சூளையில் பூச்சு உருகும்போது அடியிலும் பூச்சு இருந்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடி வெறும் மண்ணாக விடப்படுகிறது. அங்கேதான் மண்ணின் நிறம் தெரியும், கருவி ஓடிய தடம் தெரியும், முத்திரை குத்த இடமும் கிடைக்கும். தீக்கு முதுகு கொடுக்கும் பாத்திரத்தில் பெயர் எழுத இடமே இல்லை. மேசையில் உட்காரும் பாத்திரத்துக்கு அந்த இடம் உண்டு. பெயரின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் தோளில் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதினார்கள். கீழடியில் கிடைத்த, தமிழி எனும் பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56 என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. குவிரன், ஆதன் போன்ற பெயர்கள் பானையின் தோளில் கீறப்பட்டிருக்கின்றன. எழுத்தின் கை ஒவ்வொன்றிலும் வேறாக இருப்பதால் இவற்றை எழுதியவர்கள் குயவர்கள் அல்ல, பானைக்கு உரியவர்கள் என்பதே அறிஞர்கள் கருத்து. கொடுமணலிலும் இதே கதைதான். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு தமிழ்நாட்டுப் பானை பெயரைச் சுமந்தது. சுமந்தது வாங்கியவரின் பெயரை.

இது அந்நியமான பழக்கமாகத் தோன்றினால், வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். கல்யாணச் சீருக்கு வாங்கிய குடத்தில் பெண்ணின் பெயரும் நாளும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். பாத்திரக் கடையில் ஒருவர் இதற்கென்றே சிறு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் குடத்தை அடித்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. குவிரனின் பானையும் என் பாட்டியின் தூக்குவாளியும் ஒரே மரபு.

செய்தவரின் பெயர் தாங்கிய கலமும் அதே காலத்தில் தமிழ்க் கரைக்கு வந்திறங்கியது என்பதுதான் சுவையான பகுதி. புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, செந்நிறத்தில் பளபளக்கும் இத்தாலியத் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன. டஸ்கனியின் அரெஸ்ஸோ நகரப் பெயரால் அவற்றை அரெட்டைன் கலங்கள் என்பார்கள். அந்தத் தட்டுகளின் தட்டையான நடுவில் முத்திரை குத்தியிருந்தது: விபியஸ், காமுரியஸ், இட்டா என்று பட்டறைப் பெயர்கள். இந்தப் பட்டறைகள் இயங்கிய காலம் இத்தாலியில் ஏற்கெனவே தெரிந்திருந்ததால், அரிக்கமேட்டின் காலத்தையே அந்த முத்திரைகளை வைத்து வீலர் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்குக் கிடைத்த முதல் உறுதியான காலக் கொழுகொம்பு ஒரு குயவர் முத்திரை. அதே குழிகளில், தமிழி எழுத்தில் உரிமையாளர் பெயர் கீறிய உள்ளூர் ஓடுகளும் கிடந்தன. இரண்டு வழக்கங்களும் ஒரே மண்ணில் பக்கத்தில் பக்கத்தில்.

இங்கே அவசரப்பட்டு, ரோமானியன் கைவினைஞனை மதித்தான், தமிழன் மதிக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அரெட்டைன் பட்டறைகளில் சக்கரம் சுற்றியவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். பல முத்திரைகளில் அடிமையின் பெயரோடு அவனுடைய எஜமானன் பெயரும் இருக்கும். சிலவற்றில் எஜமானன் பெயர் மட்டும். ஆக, செய்தவர் பெயர் என்று நாம் மயங்கும் முத்திரையும் ஒருவகை உரிமையாளர் பெயர்தான். பானைக்கு உரிமையாளர் இருந்தது போலப் பானை செய்தவனுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார்.

தமிழ் இலக்கியம் குயவரைக் கவனிக்காமல் இல்லை. புறநானூற்றின் 228ஆம் பாடலும் 256ஆம் பாடலும் குயவரைக் ‘கோ’ என்றே விளிக்கின்றன. இரண்டிலும் கேட்கப்படுவது சமையல் கலம் அல்ல, ஈமத்தாழி. 256இல் பேசும் பெண் கணவனை இழந்தவள். தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யச் சொல்கிறாள். அந்தக் குயவர் யாரென்று தெரியாது, அந்தப் பெண் யாரென்று தெரியாது, பாடலை எழுதியவர் பெயரும் கிடைக்கவில்லை. 66ஆம் பாடலைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். கரிகாலனின் வெற்றியைப் பாட வந்து, தோற்று வடக்கிருந்தவனை அவனைவிட நல்லவன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன துணிச்சல்காரி. அவர் பெயரென்று நம்மிடம் இருப்பது ஓர் ஊரும் ஒரு தொழிலும். தில்லையில் அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்த குயவரை நாம் திருநீலகண்டர் என்கிறோம். அது அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த இறைவன் பெயர், பெற்றோர் இட்டதல்ல.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வரலாம். பெயர் பொறித்த மண் கிண்ணம் இந்தியாவுக்கு மறுபடி வந்த வழி டோக்கியோ வழி.

குர்சரண் சிங் 1896இல் பிறந்தவர். நிலவியல் படித்தவர். தில்லியில் புதிய தலைநகருக்குச் செங்கல் சுட்டுக்கொண்டிருந்த ராம் சிங் காபுலி என்பவரின் தொழிலில் சேர்ந்தார். பீங்கான் தொழில்நுட்பம் கற்க 1919இல் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். அனுப்பியவர்களின் எண்ணம் தொழிற்சாலை. அவர் போய்ச் சேர்ந்ததோ வேறொரு வட்டத்தில். பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயர், யனாகி சோஎட்சு என்ற சிந்தனையாளர், தொமிமோட்டோ, ஹமாதா ஷோஜி, கவாய் கஞ்சிரோ ஆகிய குயவர்கள். இயந்திரம் கையை விழுங்கிவிடும் என்று அஞ்சி, பழைய பாண்டங்களைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த இளைஞர் கூட்டம் அது. 1920இல் லீச்சும் ஹமாதாவும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள செயின்ட் ஐவ்ஸுக்குப் போய்ப் பட்டறை தொடங்கினார்கள். குர்சரண் சிங் சில காலம் கழித்து தில்லி திரும்பினார். இன்று ‘ஸ்டூடியோ பாட்டரி’ எனப்படும் உலகளாவிய மரபின் ஒரு வேர் கார்ன்வாலிலும் இன்னொரு வேர் தில்லியிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஊன்றியது.

தில்லியில் அவர் கண்டுகொண்டவர் ஜப்பானியர் அல்ல, பட்டாணியக் குயவர் அப்துல்லா. பழைய மசூதிகள், கல்லறைகளின் நீல ஓடுகளைச் செய்யும் முறையை வழிவழியாகக் கையில் வைத்திருந்தவர். களிமண்ணுக்குப் பதில் பொடித்த வெண்கல்லும் கண்ணாடியும் சேர்த்த பிசைவு, அதன்மேல் காரப் பூச்சு, பூச்சுக்குள் தாமிரம். தாமிரம் ஈயப் பூச்சில் கலந்தால் பச்சையாகும், காரப் பூச்சில் கலந்தால் மயில்கழுத்து நீலமாகும். அந்த நீலத்தைக் கற்று குர்சரண் சிங் தன்னுடையதாக்கினார். இடையில் பல ஆண்டுகள் அரசுப் பணி. 1952இல் ‘டெல்லி ப்ளூ ஆர்ட் பாட்டரி’யைத் தொடங்கினார். சுதந்திர இந்தியாவின் நடுத்தர வர்க்க வீட்டுக்குள் கையால் செய்த கிண்ணமும் கோப்பையும் கலைப்பொருளாக நுழைந்ததில் அந்தப் பட்டறைக்குப் பெரிய பங்குண்டு. 1979இல் இந்திய மட்பாண்டம் பற்றி நூல் எழுதினார். 1991இல் பத்மஸ்ரீ. 1995இல் இறக்கும்போது நூறை நெருங்கியிருந்தார். மாணவர்களுக்கு அவர் டாடிஜி. அப்துல்லாவின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணமும் குர்சரண் சிங்கின் வாழ்க்கை வரலாறுதான். அந்த வரலாற்றில் அப்துல்லா ஓர் அத்தியாயம். இன்னொருவரின் வரலாற்றில் அத்தியாயமாக வராத அப்துல்லாக்கள் எத்தனை பேர்?

பெயர் விவகாரத்தில் லீச் வட்டத்துக்குள்ளேயே ஒரு முரண் இருந்தது. அதைப் பேசாமல் இருபதாம் நூற்றாண்டுக் கிண்ணம் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

யனாகி 1925இல் நண்பர்களோடு சேர்ந்து ‘மிங்கெய்’ என்ற சொல்லை உருவாக்கினார். பொதுமக்களின் கைவினை என்று பொருள். பெயர் தெரியாதவன் செய்ததே உயர்ந்த அழகு. பெயர் போடுவது அகந்தை. அழகாகச் செய்ய வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் நாளுக்கு நூறு பாத்திரம் செய்கிறவன் கையில்தான் அழகு தானாக வந்து இறங்கும் என்பது அவர் கொள்கை. அவர் அடிக்கடி காட்டிய எடுத்துக்காட்டு ஒரு கொரியக் கிண்ணம். பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் யாரோ ஓர் ஏழைக் கொரியக் குயவர் செய்த சாதாரணச் சோற்றுக் கிண்ணம். ஜப்பானியத் தேநீர் ஆசான்கள் கண்ணில் பட்டு, கைமாறிக் கைமாறி, இன்று கியோட்டோவில் தைத்தொகுஜி கோயில் வளாகத்தின் ஒரு மடத்தில் ஜப்பானின் தேசியச் செல்வமாகப் பெட்டிக்குள் பெட்டியாகப் பாதுகாக்கப்படுகிறது. 1931இல் யனாகி அதைப் பார்த்தபோது, இவ்வளவு எளிமையா என்று வியந்து எழுதினார்.

அந்தக் கிண்ணத்தின் பெயர் ‘கிசாஎமோன் இதோ’. கிசாஎமோன் என்பவர் அதை ஒரு காலத்தில் வைத்திருந்த ஒசாகா வியாபாரி. உலகின் மிகப் புகழ்பெற்ற பெயரற்ற குயவனின் கிண்ணத்துக்கும் உரிமையாளர் பெயர்தான் கிடைத்திருக்கிறது. கீழடிக் குவிரனுக்கு இது வேடிக்கையாகவே இருந்திருக்காது.

ஹமாதா யனாகியின் கொள்கையை நேர்மையாகப் பின்பற்ற முயன்றவர். செயின்ட் ஐவ்ஸில் இருந்தவரை பாண்டங்களில் முத்திரை குத்தினார். 1924இல் ஜப்பான் திரும்பி, பின்னர் மஷிகோ என்ற குயவர் கிராமத்தில் குடியேறியபின் முத்திரையை விட்டுவிட்டார். பாண்டத்தின் அடி வெறுமையாக இருக்கும். ஆனால் ஜப்பானில் நல்ல பாண்டம் மரப்பெட்டியில்தான் விற்பனையாகும், பெட்டியின் மேல் குயவர் தம் கையால் எழுதுவார். ஹமாதா பெட்டியில் கையெழுத்திட்டார். பெயர் கிண்ணத்திலிருந்து பெட்டிக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவுதான். இன்று ஏலத்தில் பெட்டியுள்ள ஹமாதா கிண்ணத்துக்கும் பெட்டியில்லாத ஹமாதா கிண்ணத்துக்கும் விலை வேறு. நான் அவரைக் குறை சொல்லவில்லை. 1955இல் ஜப்பான் அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்த ஒருவர் பெயரற்றவராக இருக்க ஆசைப்படலாம், இருக்க முடியாது.

லீச்சின் வழி வேறு. செயின்ட் ஐவ்ஸ் பட்டறையில் இரண்டு வகைப் பாண்டங்கள் உருவாயின. லீச் தாமே செய்தவற்றில் அவருடைய முதலெழுத்து முத்திரையும் பட்டறை முத்திரையும் இருக்கும். நாள்தோறும் பயிற்சியாளர்கள் செய்து குவித்த அன்றாடச் சாப்பாட்டுக் கலங்களில் பட்டறை முத்திரை மட்டும். 1940களிலும் 50களிலும் பட்டறையின் சோற்றை ஈட்டியது இந்த இரண்டாம் வகை. வில்லியம் மார்ஷல் 1938இல் உள்ளூர்ப் பையனாக அங்கே சேர்ந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இருந்தார். சக்கரத்தில் அவருக்கு நிகர் அங்கே இல்லை. லீச்சுக்கு வயது ஏறிய காலத்தில் அவருடைய பெரிய ஜாடிகள் பலவற்றைச் சக்கரத்தில் எழுப்பியவர் மார்ஷல்தான். வரைவும் அலங்காரமும் லீச்சுடையவை. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான ஒரு செயின்ட் ஐவ்ஸ் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதைச் செய்தவர் யார்’ என்று கேட்டால் விடை ஒரு சொல்லில் வராது. மண்ணைப் பிசைந்தவர், எழுப்பியவர், வரைந்தவர், தீ வைத்தவர் என்று அது ஒரு கூட்டுக் கணக்கு. சினிமாவில் டைட்டில் கார்டு ஓடுவதுபோல கிண்ணத்தில் ஓட்ட முடியாது. அடிவளையத்தில் இரண்டு எழுத்துக்குத்தான் இடம்.

லீச்சின் மாணவர் மைக்கேல் கார்டியூ நைஜீரியாவின் அபுஜாவில் 1950களின் தொடக்கத்தில் ஒரு பயிற்சி மையம் அமைத்தார். 1954இல் அங்கே சேர்ந்தவர் லாடி குவாலி. குவாலி என்பது அவருடைய ஊர். சிறு வயதிலிருந்தே அத்தையிடம் கற்று, சக்கரமே இல்லாமல், மண்ணைத் திரித்துச் சுற்றி அடுக்கிப் பெரிய தண்ணீர்ப் பானைகள் செய்தவர். பானையின் மேல் தேளும் பல்லியும் மீனும் கீறுவார். அபுஜாவில் அதே பானை கண்ணாடிப் பூச்சோடு உயர் வெப்பச் சூளைக்குள் போனது. வெளியே வந்தபோது அது லண்டன் காட்சிக்கூடத்துக்கு உரியதாகிவிட்டது. தண்ணீர் வைக்கத்தான் உதவாது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது சுவர் வழியே கசிந்து ஆவியாவதால். பூச்சிட்டு இறுகச் சுட்ட பானை கசியாது, குளிராது. லாடி குவாலிக்குப் பெயர் கிடைத்தது, பானைக்கு வேலை போயிற்று. இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்புறம் அவர் பானையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாடு தன் பணத்தாளில் குயவரை அச்சிட்டிருக்கிறது. இதை நம் சட்டசபைகளில் யாராவது சொல்லிப் பார்க்கலாம்.

தமிழ் நிலத்தில் இந்த மரபு இறங்கியது 1971இல், அரிக்கமேட்டுக்கு அருகே, புதுச்சேரியில். டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் அரவிந்தர் ஆசிரமத்தின் சார்பில் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கினார்கள். இருவரும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சூசன் பீட்டர்சனிடம் கற்றவர்கள். டெபோரா ஜப்பானிய மொழி அறிந்தவர். ஜப்பானின் பிசென் மட்பாண்ட மரபில் பயின்றவர். பீட்டர்சன் ஹமாதாவைப் பற்றிய நூலுக்காக மஷிகோ போனபோது உடனிருந்தவர். மஷிகோவின் பெயரெழுதாத பட்டறையிலிருந்து புதுச்சேரிக்கு இப்படி ஒரு நேர்கோடு.

அங்கே சூளைக்கு எரிபொருள் சவுக்கு. கடலோரத்தில் எளிதாகக் கிடைப்பது, நீண்ட சுடர் தருவது. ஏறத்தாழ 1300 டிகிரி வரை ஏற்றிச் சுடுகிறார்கள். நம் கிராமச் சூளை வைக்கோலும் மட்டையும் போட்டு மூடி 700, 800 டிகிரியோடு நின்றுவிடும். அந்த வெப்பத்தில் மண் கல்லாகாது, ஓடாகத்தான் ஆகும், நுண்துளைகள் மிஞ்சும். 1300இல் மண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி இறுகிவிடுகிறது. தொழிலில் இதை ஸ்டோன்வேர் என்பார்கள். மரம் எரிந்த சாம்பல் பாண்டத்தின் மேல் படிந்து தானே பூச்சாக உருகுவதும் உண்டு. எரித்தவருக்கே கடைசிவரை நிச்சயமில்லாத நிறம் அதில் வரும்.

டெபோரா அன்றாடப் பாண்டங்களை வளர்த்தார்: கோப்பை, கிண்ணம், தேநீர்ப் பாத்திரம். அவற்றைச் செய்தவர்கள் பட்டறையில் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழர்கள். ரே மீக்கர் மாணவர்களை எடுத்தார். இந்தியா முழுவதிலிருந்தும் வந்தவர்கள் அங்கே கற்றுத் திரும்பித் தம் பெயரில் புகழ்பெற்றார்கள். 1980களின் நடுவிலிருந்து அவர் இன்னொரு பைத்தியக்காரத்தனமான, எனக்கு மிகவும் பிடித்த சோதனையிலும் இறங்கினார். பச்சை மண்கல்லால் வளைகூரை வீடு கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடுமாக அடுக்கி, வீட்டையே சூளையாக்கி எரிப்பது. உள்ளே வெந்த செங்கல்லை விற்று விறகுச் செலவை ஈடுகட்டுவது. பொருளாதாரம் கைகொடுக்கவில்லை, வீடுகள் சில இன்னும் நிற்கின்றன.

இன்று புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தில் பட்டறைகள் பெருகிவிட்டன. பல, கோல்டன் பிரிட்ஜில் கற்றவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் தொடங்கியவை. ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்றாலே சென்னையில் ஒரு விலை உண்டு. தமிழ்க் கைகள் செய்த கிண்ணங்கள் ஊரின் பெயரால் அறியப்படுகின்றன, வெண்ணிக் குயத்தியாரைப் போலவே.

இதையெல்லாம் படித்துவிட்டு யனாகியிடம் திரும்பினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெயரின்மையை ஆன்மிக உயரமாகக் கண்டவர் கடற்படை அதிகாரியின் மகன், பிரபுக்கள் பள்ளியில் படித்தவர். கொரியக் குயவரின் பெயரின்மை அவர் தேர்ந்தெடுத்த துறவல்ல. அவரை யாரும் கேட்கவில்லை. நம் குயவர், குசவர், வேளார், கேரளத்தில் கும்பாரர் ஆகியோரின் பெயரின்மையும் அப்படியே. அதற்குச் சாதி என்று ஒரு காரணம் உண்டு, விலை என்று இன்னொரு காரணம் உண்டு. ஐம்பது நூறு ரூபாய்க்கு விற்கும் பொருளில் கையெழுத்திட நின்றால் அடுத்த சட்டி காய்ந்துவிடும். ஆனாலும் யனாகி சொன்னதில் பாதி உண்மை என்பதை மீன் சட்டியின் விளிம்பைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதுச்சேரிக் கிண்ணத்தில் ஒரு தயக்கம் இருக்கிறது, நன்றாக வரவேண்டுமே என்ற நினைப்பின் தடம். சட்டியின் விளிம்பில் அது கிடையாது. ஆயிரமாவது முறை அந்த விளிம்பைத் திருப்பிய கை அது.

எங்கள் ஊரை ஆண்ட திருவிதாங்கூரும் களிமண்ணைக் கவனித்தது, வேறு விதமாக. கொல்லம் அருகே குண்டறை. 1809இல் வேலுத்தம்பி தளவாய் வெளியிட்ட அறிவிப்பால் பெயர்பெற்ற ஊர். அங்கே தரமான வெண்களிமண் உண்டு. 1930களின் பிற்பகுதியில் சமஸ்தான அரசு பீங்கான் தொழிற்சாலை அமைத்தது. தில்லியில் பின்னாளில் குர்சரண் சிங் கையால் செய்த கிண்ணத்தை நம்பினார், இங்கே அரசு அச்சில் வார்த்த பீங்கானை நம்பியது. ஊர்க் குயவர் இரண்டு திட்டத்திலும் இல்லை. பிற்பாடு 2008இல் கேரளம் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வயலைக் காப்பாற்ற அது அவசியமான சட்டம். வயலோரக் களிமண்ணை நம்பியிருந்த குயவருக்கு அது மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொன்ன சட்டமும்கூட. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்கக் குயவர்களுக்குக் கட்டணமில்லா அனுமதி உண்டு. ஒரே சட்டிக்கு இரண்டு மாநிலச் சட்டம்.

சென்ற மழைக்காலத்துக்கு முன் பழைய சட்டி விரிந்துவிட்டது. புதிது வாங்கச் சந்தைக்குப் போனேன். சட்டிகளை வைக்கோலில் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். கிண் என்றது.

“அடி தட்டையா இருக்கே?” என்றேன்.

“இப்ப எல்லாரும் கேஸ் அடுப்புதானே மக்களே. உருண்டை கொண்டுவந்தா ஒருத்தரும் எடுக்க மாட்டினும்.”

கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கையளவு தட்டை இடம், மழமழவென்று. முத்திரை குத்தத் தாராளமாகப் போதும். அதில் வெள்ளைச் சாக்கட்டியால் விலை எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து கழுவி, கஞ்சித் தண்ணி ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். மறுநாள் இறக்கிப் பார்த்தபோது சாக்கட்டி எழுத்து போய், அந்த இடத்தில் கரி பிடிக்கத் தொடங்கியிருந்தது.